யர்மூக் ஆற்றுக்கு மேலே ஒரு பகல்



மத்ரஸாக்களில் ஸஹீஹ் முஸ்லிம் நூலை ஓதிக்கொடுப்போர் அதன் இறுதிப் பகுதியை நெருங்கும்போது, தமீமுத் தாரீ (ரலி) அவர்களின் கடற்பயணத்தைக் கூறும் நெடிய அறிவிப்பு ஒன்றை ஆண்டுதோறும் கடந்து செல்கின்றனர். அலைகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தீவொன்றில் ஒதுங்கிய அம்மனிதரிடமும் அவருடைய கூட்டத்தாரிடமும், அங்கே விலங்கிடப்பட்டுக் கிடந்த தஜ்ஜால் சில ஊர்களைப் பற்றி வினவுகிறான். பைஸானின் பேரீச்ச மரங்கள் காய்க்கின்றனவா என்பது ஒரு வினா. தபரிய்யா ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பது மற்றொன்று. ஸுகர் என்னும் ஊற்றைப் பற்றியும் அவன் கேட்கிறான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடத்தை நடத்தி வருபவன் நான். பைஸான் என்பது ஷாம் நாட்டில் ஓர் ஊர். தபரிய்யா என்பது அங்குள்ள ஓர் ஏரி. இவ்வளவு சொல்லிவிட்டுச் சொல்லிலக்கணத்திற்கும் அறிவிப்பாளர் வரிசைக்கும் போய்விடுவதே என் வழக்கமாக இருந்தது. மாணவர்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. கித்தாபின் ஓரத்தில் விரிவுரையாளர்கள் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டுவதோடு ஆசிரியரின் கடமை நிறைவேறிவிட்டதென்று நாங்கள் இரு தரப்பாரும் நம்பியிருந்தோம். அந்த ஏரியைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு முன்னர் இறையருளால் எனக்குக் கிட்டியது. அந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஜியாரத் குழுவொன்றுடன் ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மானில் தங்கியிருந்தோம். இடையில் ஒரு நாள் ஓய்வு நாளாக அமைந்தது. குழுவினரில் பெரும்பாலோர் கடைவீதிக்குப் புறப்பட, நாங்கள் மூவர் மட்டும் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு வடக்கே கிளம்பினோம். ஜரஷ் நகரைக் கடந்து, இர்பித் நகரையும் கடந்து, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சென்றால் நாட்டின் வடமேற்கு மூலையில் உம்மு கைஸ் என்னும் மலையுச்சிக் கிராமம் வருகிறது. நாங்கள் சென்றது மார்ச் மாதம். சாலையின் இருமருங்கிலும் ஒலிவத் தோப்புகள். அவற்றின் அடியில் மழைக்குப் பிந்திய பசும்புல். பாலைவன நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பை இர்பிதுக்கு வடக்கே உள்ள அக்குன்றுகள் முற்றிலும் மறக்கடித்துவிட்டன.

உம்மு கைஸ் கடல்மட்டத்திலிருந்து 378 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தபரிய்யா ஏரியின் நீர்மட்டமோ கடல்மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் கீழே உள்ளது. ஆகவே, குன்றின் வடமேற்கு விளிம்பில் நின்று நோக்குவோர் ஏறக்குறைய 590 மீட்டர் பள்ளத்தை ஒரே பார்வையில் காண்கின்றனர். எதிரே ஜவ்லான் மேடு. அடியில் யர்மூக் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இடப்புறம், 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஏரி. நெடுந்தொலைவில், வெண்தலைப்பாகை கட்டியவரைப் போல் பனி சூடி நிற்கும் ஜபலுஷ் ஷைக் மலை. நான் நின்ற இடத்தில் அப்படியே சிறிது நேரம் நின்றுவிட்டேன். உடன் வந்தவர் என் தோளைத் தொட்டு, “ஹஜ்ரத், இதுதானா அந்த ஏரி?” என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன்.

இனி, குன்றின்மேல் உள்ள ஊரைச் சொல்ல வேண்டும். இதன் பண்டைப் பெயர் கதரா. அலெக்சாந்தருக்குப் பின்வந்த கிரேக்க அரசுகளின் காலத்தில் எழுந்து, கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பொம்பேயின் கைக்கு வந்து, பத்து நகரக் கூட்டமைப்பில் ஒன்றாக விளங்கிய ஊர் இது. கருங்கல்லும் சுண்ணக்கல்லும் கலந்த ஊர் என்பதே இதன் தனி அழகு. மேற்கேயுள்ள நாடக அரங்கு முழுவதும் எரிமலைப் பாறையான கரும்பாறையால் கட்டப்பட்டது. சுமார் 3000 பேர் அமரத்தக்கது. அதற்கு அப்பால், ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள் எழுப்பிய எண்கோணத் தேவாலயத்தின் கரிய தூண்கள் வெண்ணிறத் தளத்தின்மீது நிற்கின்றன. கீழே, கிழக்கு மேற்காகச் செல்லும் நெடுந்தெருவில் பாவிய கற்களில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். பிசாசு பிடித்தோரை ஈஸா (அலை) அவர்கள் குணப்படுத்தியதாகக் கிறிஸ்தவர்களின் சுவிசேஷம் கூறும் நிகழ்ச்சியும் இவ்வூரின் பெயரோடு பேசப்படுகிறது.

கல்வியிலும் இச்சிற்றூர் பெயர் பெற்றிருந்தது. கேலிநூல்கள் இயற்றிய மெனிப்போஸ், பல கவிஞர்களின் பாக்களைத் திரட்டி மாலையாகத் தொகுத்த மெலேயாகர், தத்துவ ஆசிரியர் பிலோதெமோஸ் ஆகியோர் இம்மண்ணில் பிறந்தவர்கள். தெயோதோரோஸ் என்னும் இவ்வூர்ப் பேச்சுக்கலை ஆசிரியரிடம் பயின்ற ஒரு மாணவர் பின்னாளில் ரோமானியப் பேரரசர் ஆனார். அவர்தாம் திபேரியஸ். அவர் பெயரால் ஏரியின் மேற்குக் கரையில் ஒரு நகரம் எழுந்தது. அந்த நகரின் பெயரே அரபுகளின் நாவில் தபரிய்யா ஆயிற்று. அதாவது, நாம் ஹதீஸில் ஓதும் அந்தச் சொல்லுக்கு உரியவரின் ஆசிரியர், நான் நின்றுகொண்டிருந்த இதே குன்றைச் சேர்ந்தவர். மத்ரஸா ஆசிரியன் ஒருவனுக்கு இந்தச் செய்தி தரும் மகிழ்ச்சியை மற்றவர்கள் எவ்வளவு உணர்வார்களோ, அறியேன்.

வாசகர்களே, பாழடைந்த நகரங்களைப் பற்றிப் பேசும்போது எங்களைப் போன்ற ஆலிம்களின் நா ஒரு பழகிய வழியிலேயே ஓடும். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. ஆது கூட்டத்தாரும் ஸமூது கூட்டத்தாரும் அழிந்த வரலாற்றை அது எடுத்துரைக்கிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு, இடிந்த தூண் எங்கே கண்டாலும் அதை இறைக் கோபத்தின் அடையாளமாகக் காட்டிப் பயான் செய்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். படம் பார்த்தே செய்திருக்கிறேன். உம்மு கைஸில் கால் வைத்தபோதும் அடுத்த ஜும்ஆவுக்கான உரை என் மனத்தில் தானாகவே உருவாகத் தொடங்கியிருந்தது.

அந்த உரையை முதலில் தடுத்து நிறுத்தியது ஒரு கல்வெட்டு. அதை நான் நேரில் காணவில்லை, காணவும் இயலாது. குன்றின் அடியில், யர்மூக் ஆற்றின் மறுகரையில், அல்ஹம்மா என்னும் வெந்நீரூற்றுத் தலம் மேலிருந்தே தெரிகிறது. கதரா நகரத்தாரின் நீராடும் இடம் அது. 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அது இஸ்ரேலின் கையில் இருக்கிறது. அங்கே 1979இல் தொடங்கிய அகழாய்வில் கிரேக்க மொழிக் கல்வெட்டொன்று வெளிப்பட்டது. கலீபா முஆவியா (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பேற்ற மறு ஆண்டில், அதாவது கி.பி. 662 டிசம்பரில், பழுதுற்றிருந்த அந்த நீராடுமிடம் நோயாளிகளின் நலத்திற்காகச் செப்பனிடப்பட்ட செய்தியை அது கூறுகிறது. கலீபாவின் பெயரோடு அமீருல் முஃமினீன் என்ற பட்டமும் அரபுச் சொல்லாகவே கிரேக்க எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பணியை மேற்பார்த்தவர் கதராவைச் சேர்ந்த யோவான் என்பவர். ஆண்டுக் கணக்கும் பலவகையில் தரப்பட்டுள்ளது; நகரத்தாரின் பழைய கணக்கில் 726 என்றும், அரபுகளின் கணக்கில் 42 என்றும். கல்வெட்டின் தலைப்பில் சிலுவைக் குறி இருக்கிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். யர்மூக் போர் நிகழ்ந்து 26 ஆண்டுகளே ஆகியிருந்தன. வென்றவர்களின் தலைவர் பெயரைத் தோற்றவர்களின் மொழியில், அவர்களுடைய சமயக் குறியின் கீழ், அவர்களுள் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அதை அழிக்க ஒருவரும் முற்படவில்லை. இந்நகரைப் பாழாக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஹிஜ்ரி நாற்பதுகளில் இங்கே குளிக்க வந்த நோயாளிகளுக்கு வெந்நீர் தடையின்றிக் கிடைத்தது. பின்னர், கி.பி. 749இல், உமையாக்களின் ஆட்சி முடியும் தறுவாயில், ஷாம் பகுதியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் பல நகரங்கள் சரிந்தன, பைஸான் சரிந்தது, இதுவும் சரிந்தது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒருங்கே வீழ்ந்தன. அதை எவருடைய பாவத்தின் கணக்கில் எழுதுவது?

யர்மூக் போரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டியோட்டி, கீழே தெரிந்த பள்ளத்தாக்கைக் கையால் வீசிக்காட்டி, “இங்கேதான் காலித் இப்னு வலீத் ரோமானியரை வென்றார்” என்றார். அவருடைய உணர்ச்சியை மதிக்கிறேன். ஆயினும் போர் நடந்த சமவெளி அங்கிருந்து கிழக்கே, யர்மூக்கில் ருக்காத் ஓடை வந்து கலக்கும் பகுதிக்கு வடக்கே இருக்கிறது. ஹிஜ்ரி 15ஆம் ஆண்டு, கி.பி. 636 ஆகஸ்டில் ஆறு நாள் நீடித்த அப்போரில், பின்வாங்கிய ரோமானியப் படையினர் பலர் அந்தச் செங்குத்தான பள்ளங்களில் வீழ்ந்து மாண்டனர். இரு தரப்புப் படைகளின் எண்ணிக்கையை நம் வரலாற்றாசிரியர்கள் ஒருவர் சொன்னதுபோல் மற்றவர் சொல்லவில்லை. ஆதலால் எண்களை விட்டுவிடுவோம். அப்போரின் முன்னிகழ்ச்சியாக பலாதுரீ தம் நூலில் பதிவுசெய்துள்ள ஒரு செய்தியே என் நெஞ்சில் அதிகம் நிலைத்திருக்கிறது. ரோமானியப் பெரும்படை வருவதறிந்து, ஹிம்ஸ் நகரைவிட்டு முஸ்லிம்கள் விலக நேர்ந்தது. பாதுகாப்புக்காக நகர மக்களிடம் பெற்ற வரியை அப்போது அவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர். காக்க இயலாதபோது அப்பணம் தங்களுக்கு ஆகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். வாள்வீச்சுகளைப் பற்றி நாம் பேசுமளவுக்கு இந்தப் பணமுடிச்சைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆற்றைப் பார்க்கும் ஆவலில் எட்டிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய பெயருக்கு இவ்வளவு மெலிந்த ஓடையா என்று திகைப்பு ஏற்பட்டது. மேலே சிரியாவும் ஜோர்தானும் நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2006இல் கட்டி முடித்த வஹ்தா அணையும் அங்கே இருக்கிறது. எஞ்சியது கீழே வருகிறது. தண்ணீர்ப் பஞ்சம் இக்குன்றுக்குப் புதிதன்று. ரோமானியர் காலத்தில், சிரியாவின் தொலைவிடங்களிலிருந்து இந்நகரங்களுக்கு நீர் கொணர, சுமார் 170 கிலோமீட்டர் நீளக் கால்வாய் அமைத்தனர். அதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பாறையைக் குடைந்த சுரங்கவழி. உள்ளூர் மக்கள் அதை கனாத் ஃபிர்அவ்ன் என்கின்றனர். ஃபிர்அவ்னுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரிதாகவும் பழையதாகவும் எது தென்பட்டாலும் அவனுடைய கணக்கில் எழுதிவிடும் பழக்கம் பொதுமக்களிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது.

என் உரையை இரண்டாம் முறையாகவும் முடிவாகவும் தடுத்து நிறுத்தியவர் ஒரு முதியவர்.

ரோமானிய இடிபாடுகளின்மீதே, குன்றின் உச்சியில், இன்னொரு இடிபாடு இருக்கிறது. அது உதுமானியர் காலக் கிராமம். பழைய நகரின் கற்களை எடுத்தே மக்கள் வீடுகளைக் கட்டினர். கருப்பும் வெள்ளையுமாகக் கற்களை மாற்றி மாற்றி அடுக்கிய சுவர்கள், வளைவு வாயில்கள், நடுவே முற்றம். அவற்றுள் பெரியதான ரூஸான் குடும்பத்து மாளிகை இன்று அருங்காட்சியகம். அரங்கின் முன்வரிசையில் வீற்றிருந்த, தலையற்ற வெண்பளிங்குத் தேவதைச் சிலையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கின்றனர். மற்ற வீடுகள் பெரும்பாலும் பூட்டியும் இடிந்தும் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வாயிற்படியில் அந்த முதியவர் அமர்ந்திருந்தார். ஸலாம் சொன்னேன். நூல்களில் பயின்ற என் அரபு மொழியைக் கேட்டு அவர் முகத்தில் புன்னகை அரும்பியது. செய்தி வாசிப்பவரைப் போல் பேசுகிறீர்கள் ஷைக் என்றார். அவருடைய பேச்சுவழக்கில் பாதி எனக்கு விளங்கவில்லை; விளங்கிய பாதியைத்தான் எழுதுகிறேன்.

அந்த வீடு அவருடைய தகப்பனாருடையது. அங்கேதான் அவர் பிறந்தார். கரும்பாறை அரங்கின் படிகளில் ஏறி இறங்கி விளையாடியே வளர்ந்தார். முற்றத்தில் தாயார் கோதுமையைப் புழுக்கிக் காயவைப்பார். அகழாய்வாளர்கள் வந்தபோது அவர்களிடம் கூலிக்கு மண் சுமந்திருக்கிறார். ஜெர்மானியர்கள் இங்கே 1974 முதல் அகழாய்வு செய்தவர்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில், பழம்பொருளைக் காக்கவும் சுற்றுலாவை வளர்க்கவும் வேண்டும் என்று சொல்லி, குன்றின் உச்சியில் குடியிருந்தவர்களை அருகிலேயே கட்டிய புது வீடுகளுக்கு அனுப்பினர். இழப்பீடு தந்தனர், போதாது என்பது ஊராரின் மனக்குறை. “புது வீட்டில் குழாய் இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, குறை சொல்லக் கூடாது” என்று முதியவர் கூறினார். பிறகு, எழுந்து வந்து முற்றத்தில் ஓர் அத்தி மரத்தைக் காட்டினார். தாயார் நட்டது. அப்போதுதான் இளந்தளிர் விட்டிருந்தது. காய்க்கும் பருவத்தில் வெளிநாட்டார் பறித்துத் தின்பார்களாம். “தின்னட்டும், அது ஸதகாதானே” என்றார். எனினும், அவர் குரல் சற்றே இறங்கியிருந்தது.

நான் ஒன்றும் பேசவில்லை. எதைப் பேசுவது? ஓர் ஊர் எவ்வாறு பாழாகிறது என்பதை எத்தனையோ முறை மிம்பரில் நின்று விளக்கியவன் நான். இதோ, என் கண்ணெதிரே ஒரு பாழூர். இதில் குடியிருந்தவர்கள் எந்த நபியையும் மறுக்கவில்லை. தொழுதார்கள், நோன்பு நோற்றார்கள், விளைச்சலில் ஸகாத் கொடுத்தார்கள். அவர்கள் வெளியேறியது என்னைப் போன்றவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பதற்காக. அவர் என்னிடம் இவ்வாறு சொல்லவில்லை. விருந்தாளிக்குச் சங்கடம் தரும் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தேநீர் அருந்திவிட்டுப் போகுமாறு வற்புறுத்தினார். மரமிய்யா இலை போட்ட தேநீர். அதன் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது.

லுஹர் தொழுதுவிட்டு மீண்டும் அந்த விளிம்புக்குச் சென்றோம். அங்கே உணவுக் கூடத்தின் திறந்த மாடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் நாற்காலியை ஏரியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். தபரிய்யா நகரின் அரபு மக்கள் 1948 ஏப்ரலில் வெளியேறினர் என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவர்களின் வழிவந்தோரும் மற்ற பாலஸ்தீனக் குடும்பத்தாரும் விடுமுறை நாட்களில் இங்கு வந்து அக்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம் என வண்டியோட்டி கூறினார். அந்தப் பெண்மணியிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் அங்கு இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மாலையில் மலைச்சரிவு வழியே ஜோர்தான் பள்ளத்தாக்கில் இறங்கி, வடக்கு ஷூனாவுக்கு அருகில் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தை அடைந்தோம். யர்மூக்கில் நின்றவர்கள் அடுத்த மூன்றே ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் வந்துதான் உணர முடிகிறது. ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோய் ஷாமில் பரவியது. படைத் தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களை எப்படியாவது அங்கிருந்து வெளியேற்ற விரும்பி உமர் (ரலி) அவர்கள் கடிதம் அனுப்பினார்கள், தம் வீரர்களை விட்டுவர அவர் இசையவில்லை, அந்நோயிலேயே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் அவர்களும், அவருடைய மகனும் அதே நோயில் மறைந்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்கு ஆசிரியராக அனுப்பிவைத்தவர் முஆத்; இறக்கும்போது நாற்பது வயதைக்கூட எட்டாதவர். அவரைவிட மிகுந்த வயதுடைய நான், பாடம் நடத்தியே நரைத்தவன், அவருக்கு முன் நின்று ஸலாம் சொன்னேன். பிறகு, ஃபாத்திஹா ஓதி, நோய்க்காலத்தில் தம் மக்களை விட்டுப் போகாதவர்கள் அனைவருக்காகவும் துஆ செய்தோம். அஸர் தொழுகையை அங்குள்ள பள்ளியில் நிறைவேற்றி, இருட்டும் முன் அம்மானுக்குத் திரும்பினோம்.

ஊர் வந்த பின் பாழ்நகரங்களைப் பற்றிய அந்த ஜும்ஆ உரையை நான் நிகழ்த்தவில்லை. ஆண்டின் இறுதியில் வழக்கம்போல் தமீமுத் தாரீ (ரலி) அவர்களின் ஹதீஸ் வந்தது. கரும்பலகையில் ஏரியின் வடிவத்தை வரைந்தேன். கிழக்கே ஜவ்லான் மேட்டையும், தென்கிழக்கே யர்மூக்கையும் அதன்மேல் உம்மு கைஸையும், தெற்கே பைஸானையும் குறித்தேன். கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “இப்போது அதில் தண்ணீர் இருக்கிறதா, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

“இருக்கிறது, பார்த்தேன்” என்றேன்.